சித்தி கல்யாணத்தைத் தள்ளி வைத்த கல்

எங்கள் சித்தியின் கல்யாணம் ஆனி மாதத்தில் நடக்க வேண்டியது, ஆவணியில் நடந்தது. ஏன் என்று கேட்டால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் எல்லோரும் ஆகாயத்தைத் தான் கை காட்டுவார்கள். சூரியனைச் சுற்றிக்கொண்டு தன் பாட்டுக்குப் போன ஒரு கல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு குடும்பங்களும் நிம்மதியாக இருக்கின்றன. அந்தக் கல்லுக்காகப் பரிந்து பேச அன்று ஒரே ஒரு ஆள் இருந்தது. அது நான் தான். எனக்கு அப்போது ஆறாம் வகுப்பு.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. கணியம்பாடிப் பக்கத்தில் பிறந்து, பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆம்பூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, ஷூ கம்பெனியில் சேர்ந்தவள். தையல் லைனில் வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கான தோல் துண்டுகளை ஒன்றோடொன்று வைத்து மெஷினில் தைப்பது. அப்பா அதே கம்பெனியின் பஸ் டிரைவர். விடியும் முன்னே கிளம்பி, ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு வருவார். அம்மா மட்டும் கம்பெனிக்குப் போகவில்லை. கம்பெனி அம்மாவைத் தேடி வீட்டுக்கு வந்தது. மூட்டை மூட்டையாக வரும் மேல்பாகங்களைக் கையால் தைத்துத் திருப்பி அனுப்புவாள். எங்கள் வீட்டுச் சோற்றிலும் கொஞ்சம் தோல் வாசனை அடிக்கும் என்று என் சிநேகிதிகள் சொல்வார்கள். எனக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை.

மாப்பிள்ளை நாட்றம்பள்ளிக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, ஓசூரில் காருக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று தட்டில் இருந்த மிக்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியை நிமிர்ந்து பார்த்தது, கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில் தான். எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. அவருடைய அம்மா ஒரே ஒரு பேச்சு வைத்தார்: கல்யாணத்துக்கு அப்புறம் பெண் கம்பெனி வேலைக்குப் போக வேண்டாம். அதை அதிகாரமாகச் சொல்லவில்லை. அவரும் எங்கள் அம்மாவைப் போல வீட்டில் உட்கார்ந்து மேல்பாகம் தைத்து விரல் காய்த்துப்போனவர். வருகிற மருமகளாவது இந்த ஊசியிலிருந்து தப்பிக்கட்டுமே என்ற பிரியத்தில் சொன்னது. கோபமாகச் சொன்னால் எதிர்த்துப் பேசிவிடலாம். பிரியமாகச் சொன்னால் என்ன செய்வது? சித்தி சரி என்று தலையாட்டிவிட்டாள்.

தலை ஒரு பக்கம் ஆடினாலும் ஆசை இன்னொரு பக்கம் இருந்தது. அந்த வருஷம் கம்பெனியில் சாம்பிள் ரூமுக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு. புது மாடல் எது வந்தாலும் அதன் முதல் ஜோடியைத் தைத்துப் பார்க்கிற இடம் அது. லைனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே தையலைத் தைக்கிறவர்களுக்குச் சாம்பிள் ரூம் என்பது தனி உலகம். ஆடி மாதம் முழுக்கச் சிலரை அங்கே உட்கார வைத்துப் பார்த்து, அதில் ஒருத்தியை எடுத்துக்கொள்வார்களாம். சூப்பர்வைசர் சித்தியின் பெயரையும் சொல்லியிருந்தார். சித்தி அதை ஓடிவந்து சொன்ன அன்று அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆடியில நீ நாட்றம்பள்ளியில இருப்ப. அத்தப் பத்தி இன்னாத்துக்கு இப்போ பேச்சு?" என்றாள்.

சித்தி போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

எனக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. என் கவலை முழுக்க ஒரு பச்சைப் பட்டுப் பாவாடை மேல் இருந்தது. கல்யாணத்தன்று மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் மேடையிலேயே தோழிப்பெண்ணாக உட்காரப் போவது நான் என்று முடிவாகி, பாவாடையும் தைத்தாகிவிட்டது. அந்த வயதில் நான் கீரைச்செடி போல வளர்ந்துகொண்டிருந்தேன். போன தீபாவளிக்கு எடுத்தது பொங்கலுக்குக் கணுக்காலைத் தாண்டி ஏறிவிட்டது. கல்யாணம் நாள் தவறாமல் நடந்தால் தான் பாவாடை தரையைத் தொடும். நாள் தள்ளினால் மேடையில் என் கால் தெரியும். இதைவிடப் பெரிய கஷ்டம் ஒரு மனுஷிக்கு வர முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் தான் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போனார்கள். ஆலங்காயம் தாண்டி மேலே ஏறினால், காட்டுக்கு நடுவில் வானத்தைப் பார்ப்பதற்கென்றே தொலைநோக்கி வைத்த கூடம் ஒன்று இருக்கிறது. நாங்கள் போன சாயங்காலம் மேகம் மூடிக்கொண்டு ஒரு நட்சத்திரத்தைக்கூடக் காட்டவில்லை. வந்த பிள்ளைகள் ஏமாந்து போகக் கூடாதே என்று அங்கே இருந்த ஒருவர் எங்களை உட்கார வைத்துச் சிறுகோள்களைப் பற்றிச் சொன்னார். பூமியைப் போலவே அந்தக் கற்களும் சூரியனைத் தான் சுற்றுகின்றன. அவற்றில் சில மட்டும் கொஞ்சம் நீட்டுவாக்கில் சுற்றி, பூமி போகிற பாதைக்குக் கிட்டே வந்துவிட்டுப் போகின்றன. இரண்டு கம்பி வளையங்களை எடுத்து, ஒன்றைப் படுக்கையாகவும் இன்னொன்றைச் சாய்வாகவும் பிடித்துக் காட்டினார். மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் வெட்டிக்கொள்வது போல இருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றின் மேல் படாமல் இன்னொன்று தாண்டிப் போவது தெரிந்தது. மலைப்பாதையில் வாந்தி எடுத்த களைப்பில் எங்கள் வகுப்பில் பாதி தூங்கிவிட்டது. நான் தூங்கவில்லை. கீழே இறங்கும்போது எங்கள் தெருவிலேயே இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான் என்ற மிதப்போடு இறங்கினேன்.

மிதப்பு அடங்குவதற்குள் டிவியில் அந்தச் செய்தி வந்தது. பூமியை நெருங்கி வரும் ராட்சதக் கல் என்று சிவப்பு எழுத்தில் ஓடவிட்டார்கள். தீப்பிடித்த பாறை ஒன்று திரையில் உருண்டு உருண்டு வந்தது. பேய்ப் படத்துக்குப் போடுகிற இசையை எங்கிருந்தோ எடுத்துப் பின்னால் போட்டிருந்தார்கள். நிலாவைவிடப் பல மடங்கு தூரத்தில் அது கடந்து போய்விடும் என்று அதே செய்தியில் ஒரு வரி வந்தது உண்மை. அந்த வரி வந்த நேரத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் ஒருவரையொருவர் கூப்பிட்டு "பாத்தியா, பாத்தியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கல் கடந்து போகும் தேதியை மட்டும் யாரும் தவறவிடவில்லை. அது சித்தியின் முகூர்த்த நாள்.

மறுநாள் காலையிலேயே நாட்றம்பள்ளியிலிருந்து போன். மாப்பிள்ளையின் அம்மா தான்.

"சம்மந்தி, நான் ஒண்ணும் பயப்படுறவ இல்ல," என்று ஆரம்பித்தார். பயந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "அவ்ளோ பெரிய கல்லு தலைக்கு மேல போறப்போ தாலி கட்டணுமா? நாள் குறிச்ச ஜோசியருக்கு இந்தக் கல்லு வர்றது தெரியாது இல்ல?"

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா நாட்காட்டியைப் பார்த்தாள். ஆனியில் அது தான் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பிறகு ஆவணி தான். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து பேசுகிறோம் என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டார்கள். கல் முட்டாது என்பதை ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் நானே விளக்கிச் சொல்கிறேன் என்று அறிவித்தேன். போய் முதலில் தலையை வாரு என்றாள் அம்மா.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் சித்தி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்க்க அவளைத் தான் பிடித்தேன். அவள் கையிலிருந்து இரண்டு கண்ணாடி வளையல்களைக் கழற்றி வாங்கி, மலையில் பார்த்தது போலவே பிடித்துக் காட்டினேன். மலையில் அந்த மனிதர் வெகு நேரம் எடுத்துச் சொன்னதைச் சித்தி துணி மடிக்கிற நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ ரெண்டும் இடிக்கணும்னா பாதையும் சேரணும், அந்த எடத்துக்கு ரெண்டும் ஒரே நேரத்துல வந்தும் சேரணும். இங்க ரெண்டுமே சேரல. அப்டித்தானே?"

அப்படியேதான் என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் மாணவியே இவ்வளவு நன்றாகப் படிக்கிறாள். அவள் வளையல்களை வாங்கி, சாய்த்தும் படுக்க வைத்தும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. மாப்பிள்ளை தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவார். அது யாருக்கும் தெரியாது என்று சித்தி நினைத்திருந்தாள். எல்லோருக்கும் தெரியும் என்பதை அவளுக்குத் தெரியாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசினாள். அவள் பேசியது மட்டும் இந்தப் பக்கம் கேட்டது.

"இல்லீங்க, முட்டாது. சாஞ்சாப்ல மேல தாண்டிப் போய்டும்... உங்களுக்கும் தெரியுமா? அப்புறம் ஏன் அத்தைகிட்ட சொல்லல?"

பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நெஜமாவா சொல்றீங்க?" என்றாள். மறுபடியும் கேட்டாள். அப்புறம் சத்தம் வராமல் சிரித்தாள். "ஆமாங்க. எனக்கு அவ்ளோ நாள் கெடைச்சா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

எனக்கு இதில் விளங்காதது எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. சித்திக்குக் கல் விஷயம் புரிந்துவிட்டது. டிப்ளமா படித்த மாப்பிள்ளைக்கும் புரிந்திருக்கிறது. ஆக, நாளைக்கு என் பக்கம் இரண்டு சாட்சிகள். நாள் கேட்டாளே, அது ஜாக்கெட்டுக்காக இருக்கும், டெய்லர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். நான் கடைசித் துண்டையும் மடித்து வைத்தேன்.

சித்தி திரும்பி வந்து, நாளைக்கு எதை வைத்து விளக்கப்போகிறாய் என்று கேட்டாள். வளையலை வைத்து என்றேன்.

"வளையல் வேணாம்டி. கண்ணாடி. கை தவறி ஒடைஞ்சா அது வேற ஒரு பேஜார். அட்டையில வரைஞ்சுடு. பெருசா வரைஞ்சா எல்லாருக்கும் தெரியும்."

"அட்டையில சாச்சு வரைய வராதே சித்தி."

"அத்த நீ வாயால சொல்லு. வாய் தான் இவ்ளோ நீளம் இருக்குதே."

கம்பெனியில் கழித்துப்போட்ட பழுப்பு அட்டை ஒன்று வீட்டில் கிடந்தது. தோலில் தையல் போகும் இடத்தைக் குறிக்கிற வெள்ளிப் பேனா அம்மாவின் டப்பாவில் எப்போதும் இருக்கும். சித்தியே எடுத்துக் கொடுத்தாள். நூலின் ஒரு முனையை அவள் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் பேனாவைக் கட்டி நான் பூமியின் வட்டத்தைப் போட்டேன். கல்லின் பாதையை நீட்டுவாக்கில் கையாலேயே வரைந்தேன். இரண்டு கோடுகளும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டன. அந்த இரண்டு இடத்திலும் நன்றாக அழுத்திப் புள்ளி வைக்கச் சொன்னது சித்தி தான். படம் பழுப்பு அட்டையில் வெள்ளியாக மின்னியது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகான படம் ஒன்றை நான் வரைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் பூவும் பழமுமாக வந்தார்கள். பஸ் தாமதம். காபி குடித்து முடிக்கும் வரை யாரும் கல்லின் பேச்சை எடுக்கவில்லை. வெயிலைப் பற்றியும் மண்டபத்தைப் பற்றியும் பேசினார்கள். டம்ளர்கள் கீழே வைக்கப்பட்ட அந்தக் கணத்தில் நான் அட்டையைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். இது சூரியன், இது பூமி போகிற பாதை, இது கல் போகிற பாதை என்று விரலால் காட்டினேன். அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பெண்களும் வருஷக்கணக்காக வெள்ளிக் கோட்டின் மேலேயே கண்ணை வைத்து வாழ்ந்தவர்கள். வெள்ளிக் கோடு போகிற இடத்தில் ஊசி போகும். ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டி, அங்கே புள்ளியும் இருந்தால், மேல் தோலும் கீழ்த் தோலும் அந்த இடத்தில் சேர்ந்து தைபட வேண்டும் என்று அர்த்தம். அவர்கள் அறிந்த உலகத்தில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

"ஐயோ, புள்ளியே வெச்சுட்டாளே," என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனார். "இங்கயும் ஒண்ணு கீது பாரு. ரெண்டு எடத்துல சேருது."

சேராது, படத்தில் தான் அப்படித் தெரிகிறது, உண்மையில் மேலே தாண்டிப் போய்விடும் என்று கத்தினேன்.

"படத்துல எப்டி கீதோ அப்டித்தானே பாப்பா தைப்பாங்க?" என்று அவர் என்னிடம் அன்பாகக் கேட்டார்.

அடுத்த வாதத்தை எடுத்தேன். கல் அந்த இடத்துக்கு வரும்போது பூமி அங்கே இருக்காது. அது முன்னாலேயே கடந்து போயிருக்கும். இதைக் கேட்டதும் அதுவரை சும்மா இருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வண்டிகள், ஒரு சந்திப்பு என்றால் அது அவருடைய துறை.

"முன்னாடியே போய்டும்னு எப்டிச் சொல்ற? கல்லு சீக்கிரம் வந்துட்டா?"

"வராதுப்பா. எல்லாம் கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. கரெக்ட் டயத்துக்குத்தான் வரும்."

அப்பா சிரித்தேவிட்டார். "கேட் போடாத லெவல் கிராசிங்ல, ரயில் கரெக்ட் டயத்துக்குத்தான் வரும்னு நம்பி நான் வண்டிய ஏத்துனா, பின்னாடி ஒக்காந்திருக்கற பொம்பளைங்க கதி இன்னா ஆவறது?"

"எந்த வண்டி சம்மந்தி டயத்துக்கு வந்துது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நாங்க வந்த பஸ்ஸையே எடுத்துக்கோங்களேன்."

கல் தாமதமாகவும் வராது, சீக்கிரமும் வராது, ஏனென்றால் அதற்கு நடுவில் ஸ்டாப்பிங்கே கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்டாப்பிங் இல்லாத வண்டி தான் ஜாஸ்தி ஸ்பீடில் வரும் என்றார் அப்பா. சூரியன் ஒன்று, பூமி ஒன்று, கல் ஒன்று என்று தெளிவாக இருந்த என் வானத்தில் வாணியம்பாடி பஸ்களும் லாரிகளும் புகுந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன.

சரி, சாட்சிகளைக் கூப்பிட வேண்டியது தான் என்று திரும்பினேன். சித்தி சமையலறை வாசலில் டம்ளரைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சித்தி, நீ சொல்லு."

"எனக்கு இன்னாடி தெரியும்? கோடு சேர்ற மாதிரி தான் கீது," என்றாள் சித்தி. டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளையிடம் ஓடி அட்டையை அவர் மடியில் வைத்தேன். அவர் அதை நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு நொடி சமையலறை வாசலைப் பார்த்தார். பிறகு மிக்சர் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கும் சரியா புரியல. எப்டியோ, அம்மா மனசுல ஒரு சங்கடத்த வெச்சுக்கிட்டு கல்யாணம் பண்ண வேணாம். ஆவணியிலயே வெச்சுக்கலாம்."

அவருடைய அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பா தலையாட்டினார். அம்மா எழுந்து போய் எல்லோருக்கும் இலை எடுத்தாள். என் பச்சைப் பாவாடை அந்த நிமிஷமே என் கண்ணெதிரில் முழங்காலுக்கு ஏறியது.

எனக்கு அழுகை வந்தது. நேற்று மொட்டை மாடியில் அவ்வளவு நன்றாகத் தெரிந்த விஷயம் இன்றைக்கு எப்படித் தெரியாமல் போகும்? "நேத்து நீயே போன்ல சொன்னியே" என்ற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் எனக்கு வேறொன்று தோன்றியது. பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு வீட்டில் தூக்கத்திலும் வரும். வகுப்பில் எழுப்பிவிட்டுக் கேட்டால், எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பயத்தில் அப்படியே மறந்துபோகும். பாவம், இவர்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். பெரியவர்கள் சபையில் எழுப்பிக் கேட்டதும் படித்தது மறந்துவிட்டது. அதை எல்லோர் முன்னாலும் போட்டு உடைப்பது நியாயமா? எனக்கு நினைவு தெரிந்து நான் காட்டிய முதல் பெருந்தன்மை அது. வார்த்தையை விழுங்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். சித்தி எனக்கு இரண்டு அப்பளம் வைத்தாள்.

குறித்த நாளில் கல் வந்தது, போனது. நாங்கள் விட்டுக்கொடுத்த மண்டபத்தில் அன்று வேறு யாருக்கோ கல்யாணம். பள்ளிக்கூடம் போகிற வழியில் வாசலில் நின்று பார்த்தேன். மேளம் கொட்டினார்கள். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. மேடையில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி, தரையைத் தொடுகிற பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் டிவி இல்லையோ என்னவோ. சாயங்காலம் டிவிக்காரர்களும் கல்லை மறந்துவிட்டு வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆடியில் சித்தி சாம்பிள் ரூமில் உட்கார்ந்தாள். தினமும் சோர்ந்து போய் வந்தாலும் பாடிக்கொண்டே வந்தாள். மாதக் கடைசியில் ஒருநாள் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வந்தாள். அவளைத் தான் எடுத்திருந்தார்கள். எடுத்து என்ன பிரயோஜனம், விடத்தானே போகிறாய் என்று அம்மா இனிப்பை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள். சித்தி அவளுக்கு இன்னொரு பேடாவை எடுத்துக் கொடுத்தாள்.

முகூர்த்தப் புடவை எடுப்பதற்காக மாப்பிள்ளையின் அம்மா மறுபடி வந்தபோது, சாம்பிள் ரூமில் தான் தைத்து, அளவு மாறியதால் கழித்துப்போட்ட ஒரு மேல்பாகத்தைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள் சித்தி. அதைப் பேச்சோடு பேச்சாக அவர் கையில் கொடுத்தாள். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தைக்கிறவர்கள் யாரும் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள். உள்ளே திருப்பி, முடிச்சு எங்கே இருக்கிறது என்று நகத்தால் தேடினார். கிடைக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார்.

"இந்தக் கைய வீட்ல ஒக்கார வெச்சா எனக்குத்தான் பாவம்," என்றார் கடைசியில். "நான் சொன்னது லைன் வேலைய. இது வேற இல்ல?"

வேறு தான் என்று எல்லோரும் சொன்னோம். நாட்றம்பள்ளி வரைக்கும் கம்பெனி பஸ் ஒன்று போய் வருகிறது. அந்த ரூட்டை எனக்குக் கொடுங்கள் என்று அப்பா அந்த வாரமே கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. டெய்லர் என் பாவாடையில் அகலமாக ஒரு கரையை ஒட்டுப்போட்டு, முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று எல்லோரையும் சொல்ல வைத்தார். மேடையில் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாலி கட்டி முடிந்து, வருகிறவர்கள் வரிசையாக அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தி புது வீட்டுக்குப் போகப்போகிறாள். அதற்குள் அவள் மனதிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவள் காதுக்கருகில் போனேன்.

"சித்தி, நான் யார்கிட்டயும் சொல்லல."

"எத்தடி?"

"அந்தக் கல்லு விஷயம். மாடியில உனக்கு நல்லாத் தெரிஞ்சுது. சித்தப்பாவுக்கும் தெரிஞ்சுது. மறுநாள் எல்லார் முன்னாடியும் கேட்டதும் ரெண்டு பேருக்கும் மறந்துடுச்சு இல்ல? அத்த நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் இருந்த சித்தப்பாவுக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தார். சித்தி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்தாள். கழுத்து மாலை குலுங்கு குலுங்கு என்று குலுங்கியது. பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்து அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பாவின் அம்மா ஓடிவந்து, நான் இருக்கேன்மா, அழாத என்று சித்தியின் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவர் தடவத் தடவ மாலை இன்னும் அதிகமாகக் குலுங்கியது.

நானும் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லோருக்கும் இப்படி ஆகிறது தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மெல்லச் சொன்னேன். அவள் கண்ணெல்லாம் தண்ணீராக என் கையை இறுக்கிப் பிடித்தாள். வெகு நேரம் விடவில்லை. பாவம் சித்தி, மறந்துபோனதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறாளே என்று எனக்கு அவள் மேல் ரொம்ப இரக்கமாக இருந்தது.